மைனருக்குப் பெண் பார்த்த கதை

"ஏனுங்க, உங்கண்ணன் மைனருன்னு சொல்றாங்களே, நெசமுங்களா?"

கருமத்தம்பட்டியில் ஒரு வீட்டின் பின்கட்டில், கிணற்றடிக்குப் போகிற வழியில் நின்று அந்தப் பெண் என்னைக் கேட்டாள். பெயர் ராமாத்தாள். அவளைப் பெண் பார்க்கத்தான் அம்மாவும் மாமாவும் நானும் காங்கேயம் பக்கத்து எங்கள் ஊரிலிருந்து போயிருந்தோம். மாப்பிள்ளை என் அண்ணன் நாச்சிமுத்து. அந்தக் காலத்தில் பெண் பார்க்க மாப்பிள்ளை வரமாட்டான். பெரியவர்கள் பார்த்து முடிவு செய்வார்கள்.

கூடத்தில் மாமா மழையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். கை கழுவத் தண்ணீர் தருகிறேன் என்று என்னைத் தனியாகக் கூட்டிக்கொண்டு வந்தவள், செம்பை என்னிடம் தராமல் தன் கையிலேயே வைத்துக்கொண்டு கேட்டாள். பலகாரம் தின்ற கை எனக்குப் பிசுபிசுத்தது. பதில் சொன்னால்தான் தண்ணீர் என்கிற மாதிரி நின்றாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஏனென்றால் அன்று காலையில் புறப்படும்போதுதான் அம்மா என் கையைப் பிடித்துச் சத்தியம் வாங்கியிருந்தாள்.

"அங்க யாரு என்ன கேட்டாலும், எங்கண்ணன் குனிஞ்ச தலை நிமிராத பையன்னு சொல்லிப்போடு. ஏற்கெனவே ரெண்டு எடம் தட்டிப்போச்சு. இதும் போச்சுன்னா இந்த ஜென்மத்துல அவனுக்குக் கல்யாணமில்ல. எம்மேல சத்தியம்."

குனிந்த தலை நிமிராத பையனாம். என் அண்ணன்! அம்மா அதைச் சொல்லும்போதே, வாசலில் அண்ணன், தெருவில் போன பால்காரியிடம், "இந்தப் பால் இத்தனை வெள்ளையா இருக்கறதுக்கு மாடு காரணமா, கறக்கற கை காரணமா?" என்று கேட்டுக்கொண்டிருந்தான்.

ஒரு வாசகியின் சந்தேகம்

போன வாரம் இந்தப் பத்திரிகையில் எங்கள் வீட்டு மாடுகளைப் பற்றி எழுதும்போது, போகிற போக்கில் 'என் மைனர் அண்ணன்' என்று எழுதிவிட்டேன். கல்லூரியில் படிக்கும் ஒரு பெண் உடனே கடிதம் போட்டிருக்கிறாள். "உங்களைவிட எட்டு வயது மூத்தவர் எப்படி மைனராக இருக்க முடியும்? அச்சுப்பிழையா?" என்று கேட்கிறாள்.

அச்சுப்பிழை இல்லை கண்ணு. உன் காலத்தில் அந்தச் சொல் சட்டப் புத்தகத்துக்கே திரும்பிப் போய்விட்டது, அவ்வளவுதான். எங்கள் காலத்தில் அது தெருவில் சுற்றிக்கொண்டிருந்தது. பெண்களிடம் இளித்துப் பேசுகிறவன், சென்ட்டு பூசுகிறவன், தலையைப் படிய வாரி வகிடெடுக்கிறவன், சந்தைக்குப் போனால் சாமான் வாங்காமல் வளையல்கடையிலேயே நிற்கிறவன், இத்தனை பேருக்கும் சேர்த்து ஒரே பெயர், மைனர். அவனுக்கு வயது பதினேழும் இருக்கலாம், எழுபதும் இருக்கலாம்.

எனக்கே ரொம்ப நாள் இதன் அர்த்தம் தெரியாது. சொல்லிக் கொடுத்தவர் என் வீட்டுக்காரர். அதைத் தனியாகச் சொல்ல வேண்டும்.

அவர் வாய் திறந்த நாள்

என் வீட்டுக்காரர் கோயமுத்தூரில் ஒரு வக்கீலிடம் குமாஸ்தாவாக இருந்தார். எனக்குப் பதினாறு வயதில் கல்யாணம். "தங்கமான பையன், வாயே தெறக்க மாட்டான்" என்று சொல்லித்தான் கட்டிக் கொடுத்தார்கள். அந்த விஷயத்தில் யாரும் பொய் சொல்லவில்லை. சத்தியமாக வாயைத் திறக்க மாட்டார்.

'ம்' என்பதையே நாலு விதமாகச் சொல்வார். சரி என்றால் ஒரு ம். வேண்டாம் என்றால் ஒரு ம். பசிக்கிறது என்றால் ஒரு ம். நாலாவது எதற்கு என்று எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை.

ஒரு நாள் மத்தியானம் சோறு போட்டுக்கொண்டே கேட்டேன். "ஏனுங்க, எங்கண்ணனை எல்லாரும் மைனருங்கறாங்களே, அப்படின்னா என்னங்க?"

ரசத்தில் கை வைத்திருந்தவர் நிமிர்ந்தார். கோர்ட்டு சம்பந்தப்பட்ட சொல் என்றதும் முகத்தில் ஒரு களை வந்தது பாருங்கள்! கை காயக் காயப் பேசினார். கல்யாணமாகி நாலு வருசத்தில் அவர் என்னிடம் மூச்சு விடாமல் பேசியது அன்றைக்குத்தான்.

அவர் சொன்னது இதுதான். மைனர் என்றால் சட்டப்படி அறியாத வயசுப் பையன். சாதாரணக் குடும்பத்துப் பையன் பதினெட்டு முடிந்தால் பெரியவன் ஆகிவிடுவான். ஆனால் சொத்துள்ள வீட்டில் அப்பன் செத்து, கோர்ட்டு ஒரு கார்டியனை நியமித்துவிட்டால் இருபத்தொன்று முடிய வேண்டும். ஜமீன் வீட்டுப் பையன் என்றால் சர்க்காரே சொத்தை எடுத்து நிர்வாகம் பண்ணும். பையனுக்கு மாசாமாசம் கைச்செலவுக்குக் கொடுத்துவிடுவார்கள்.

"இப்ப யோசிச்சுப் பாரு," என்றார் அவர். "பத்தொம்பது வயசு. மீசை மொளைச்சாச்சு. காடு தோட்டம் பாக்கற வேலை இல்ல. அதட்ட அப்பன் இல்ல. சட்டை ஜோப்புல செலவுக்குக் காசு இருக்குது. சாரட்டு வண்டி இருக்குது. காயிதத்துல மட்டும் கொழந்தை. அவன் என்ன பண்ணுவான்?"

"என்னங்க பண்ணுவான்?"

"ம்," என்றார். ஒருவேளை அதுதான் அந்த நாலாவது ம் போலிருக்கிறது.

ஜமீனிலிருந்து ஜிப்பாவுக்கு

ஆக, முதலில் உண்மையான மைனர்கள்தான் மைனர்கள். வழக்குக் கட்டுகளிலும் தஸ்தாவேஜிலும் இருந்த சொல்லைக் கோர்ட்டுச் சேவகனும் வண்டிக்காரனும் வெளியே கொண்டுவந்தார்கள். 'மைனர் வர்றாரு' என்றால் தாசி வீட்டுத் தெருவில் விளக்கைத் தூண்டி வைப்பார்கள் என்று சொல்லக் கேட்டிருக்கிறேன். அப்புறம் அந்த ஜமீன் பையன்களுக்கு வயசாகி, மேஜராகி, சொத்தையெல்லாம் தொலைத்துத் தலை நரைத்த பிறகும் ஊர் அவர்களை மைனர் என்றே கூப்பிட்டது.

அங்கிருந்து சொல் ஒவ்வொரு படியாக இறங்கியது. ஜமீன் வீட்டிலிருந்து பண்ணை வீட்டுக்கு. பண்ணை வீட்டிலிருந்து எட்டு ஏக்கர் தோட்டத்துக்காரனுக்கு. கடைசியில் தோட்டமே வேண்டாம், ஒரு சில்க் ஜிப்பா இருந்தாலே போதும் என்றாகிவிட்டது. ஜிப்பாவுக்குள்ளிருந்து லேசாகத் தெரிகிற மாதிரி மெல்லிசாக ஒரு சங்கிலி. அதற்கும் 'மைனர் சங்கிலி' என்றே பெயர். காதுமடலில் அத்தர் நனைத்த பஞ்சு. வாயில் வெற்றிலை. காலில் 'கிறீச்' என்று சத்தம் போடுகிற செருப்பு. சத்தம் வராவிட்டால் தைத்தவனிடமே திருப்பிக் கொடுத்துவிடுவார்களாம்.

எங்கள் அப்பாரு, அதாவது தாத்தா, காலத்தில் இப்படிப்பட்டவர்களைச் 'சோக்காளி' என்றார்கள். கொஞ்சம் படித்தவர்கள் 'சல்லாபக்காரன்' என்பார்கள். ஆனால் 'மைனர்' என்ற சொல்லில் இருந்த செல்லம் அதில் எதிலும் கிடையாது. பாதி வசவு, பாதி கொஞ்சல். 'அவன் கெடக்கறான் மைனரு' என்று சொல்லும்போதே சொல்கிறவர் வாயில் ஒரு சிரிப்பு வந்துவிடும்.

பெண்ணுக்கு இப்படி ஒரு செல்லச் சொல் இருந்ததா? நானும் யோசித்து யோசித்துப் பார்த்துவிட்டேன். ஒரு பெண் நாலு ஆம்பளைகளிடம் சிரித்துப் பேசினால் அவளுக்கு வைத்த பெயர்களை இந்தப் பத்திரிகையில் அச்சடிக்க முடியாது. அதை மட்டும் இங்கே சொல்லிவைக்கிறேன். எனக்கு அந்தக் கோபம் இன்னும் போகவில்லை.

எங்கள் வீட்டு மைனர்

எங்கள் அய்யன் இறந்தபோது அண்ணனுக்குப் பன்னிரண்டு வயது. மாமாதான் காடு தோட்டத்தைப் பார்த்துக்கொண்டார். அதனால் ஊரில் விளையாட்டாக 'சின்ன மைனர்' என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். வளர வளர அண்ணன் அந்தப் பெயருக்குப் பொருத்தமாக ஆகிவிட்டானா, இல்லை பெயர்தான் அவனை அப்படி ஆக்கிவிட்டதா, தெரியவில்லை.

வேலையில் குறை சொல்ல முடியாது. மாட்டுக்கு ஒரு சீக்கு என்றால் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பான். ஏற்றம் இறைப்பான், பருத்திக்குக் களை வெட்டுவான். ஆனால் வேலை முடிந்து குளித்துவிட்டு அந்த நீலக்கலர் ஜிப்பாவைப் போட்டுக்கொண்டு காங்கேயம் கடைவீதிக்குக் கிளம்பிவிட்டால் வேறு ஆள். பூக்காரி, மோர்க்காரி, மாவு சலிக்கிறவள், சுண்ணாம்பு விற்கிறவள், ஒருத்தியையும் விடமாட்டான். ஒவ்வொருத்திக்கும் ஒரு வார்த்தை வைத்திருப்பான். "அம்மணி, இன்னைக்கு உங்க மூக்குத்தி வெளிச்சத்துல எங்க காளை மெரண்டுபோச்சுங்க" என்பான். அவளும் சிரித்துவிட்டு ஒரு முழம் பூ சேர்த்துக் கொடுப்பாள். அதை அம்மாவிடம் கொண்டுவந்து கொடுத்துவிட்டுச் சாப்பிட உட்காருவான்.

கை நீட்ட மாட்டான். தப்புத்தண்டாவுக்குப் போக மாட்டான். பேச்சு, பேச்சு, வெறும் பேச்சு.

வெறும் பேச்சுத்தானே என்று நானும் நினைத்துக்கொண்டிருந்தேன், செல்லாயி விஷயம் வருகிற வரைக்கும்.

செல்லாயி எங்கள் ஊர்ப்பெண்தான். ஒரு மாரியம்மன் நோம்பித் திருவிழாவின்போது அண்ணன் அவளுக்கு ஒரு ஜோடி கண்ணாடி வளையல் வாங்கிக் கொடுத்திருக்கிறான். "இந்தக் கைக்குத் தங்கந்தான் போடோணும், இப்போதைக்கு இதை வெச்சுக்க" என்று சொல்லியிருக்கிறான். சொன்னவன் நோம்பிக் கடை தாண்டுவதற்குள் மறந்துவிட்டான். அவள் மறக்கவில்லை. ஒரு வருசம் அந்த 'இப்போதைக்கு' என்ற சொல்லை வைத்துக்கொண்டு காத்திருந்தாள். வந்த இரண்டு சம்பந்தத்தை வேண்டாம் என்றுவிட்டாள். ஒரு நாள் என்னிடம், "உங்கண்ணன் எப்பங்க எங்கூட்டுக்குப் பொண்ணு கேட்டு வருவாரு?" என்றாள்.

அண்ணனிடம் போய்ச் சொன்னேன். அவனுக்கு எந்த வளையல் என்றே ஞாபகம் வரவில்லை. ஞாபகம் வந்தபோது அப்படியே உட்கார்ந்துவிட்டான். நேரே அவள் வீட்டுக்குப் போய், அவள் அப்பன் எதிரில் கையெடுத்துக் கும்பிட்டு, "தப்புப் பண்ணிப்போட்டனுங்க" என்றான். செல்லாயி கதவைச் சாத்திக்கொண்டாள். பிறகு அவளைப் பெரியநாயக்கன்பாளையத்தில் கட்டிக் கொடுத்தார்கள். அதற்கப்புறம் அண்ணன் ஆறு மாசம் கடைவீதிப் பக்கமே போகவில்லை. ஏழாவது மாசம் மறுபடியும் ஜிப்பாவை எடுத்துவிட்டான். ஆனால் எந்தப் பெண்ணுக்கும் ஒரு துரும்புகூட வாங்கிக் கொடுத்ததில்லை.

"காளை பாக்க வந்தோமுங்க"

இந்தப் பெயரோடு ஒருத்தனுக்குப் பெண் தேடுவது லேசுப்பட்ட காரியமா? அதுவும் எங்கள் பக்கத்து வழக்கத்தில்!

எங்கள் பக்கம் பெண்வீட்டார் நேரடியாக மாப்பிள்ளை பார்க்க வந்தோம் என்று வரமாட்டார்கள். வந்து பார்த்து, பிடிக்காமல் போனால் இரண்டு வீட்டுக்கும் மரியாதைக் குறைச்சல். அதனால் காளை பார்க்கிற மாதிரி வருவார்கள். "ஒரு ஜோடி நல்ல காளை இருந்தா வாங்கலாமுன்னு வந்தோமுங்க" என்பார்கள். கட்டுத்தறியில் நின்று மாட்டைப் பார்ப்பார்கள், பையனைப் பார்ப்பார்கள், கிணற்றில் தண்ணீர் எவ்வளவு இருக்கிறது என்று எட்டிப் பார்ப்பார்கள். பையன் மாட்டை அதட்டுகிறானா தட்டிக் கொடுக்கிறானா என்று பார்ப்பார்கள். பிடித்தால் பேச்சு வளரும். பிடிக்காவிட்டால், "காளைக்குக் கொம்பு சரியில்லீங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விடலாம். யாருக்கும் மனத்தாங்கல் இல்லை. மாட்டுக்கு மட்டும் கெட்ட பேர்.

இது எல்லாருக்கும் தெரியும் என்பதால், கல்யாண வயசுப் பையன் இருக்கிற வீட்டில் யாராவது வந்து காளை கேட்டால் சமையல்கட்டு அமர்க்களப்படும்.

நான் பிறந்த வீட்டுக்கு வந்திருந்த சமயம். ஒரு நாள் சரிகைத் துண்டு போட்டுக்கொண்டு ஒருத்தர் வந்து, "காளை பாக்க வந்தனுங்க" என்றார். அவ்வளவுதான். அம்மா என்னை உலுக்கினாள். கச்சாயம் சுட்டோம். பருப்பும் நெய்யுமாக இலை போட்டோம். அண்ணனை ஜிப்பாவைக் கழற்றச் சொல்லி வெள்ளைச் சட்டை மாட்டி, வாயைத் திறந்தால் தொலைத்துவிடுவேன் என்று மிரட்டி உட்கார வைத்தோம். வந்தவர் இரண்டாம் தடவை நெய் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

அம்மா கதவோரம் நின்று மெதுவாக, "உங்களுக்கு எத்தனை பொண்ணுங்க?" என்று கேட்டாள்.

"எனக்கு ரெண்டும் பசங்கதானுங்க," என்றார் அவர், கச்சாயத்தை மென்றுகொண்டே. "அந்தச் செவலைக் காளை என்ன வெலைன்னு சொல்லவே இல்லீங்களே?"

நெசமாகவே மாட்டுத் தரகர்! மாட்டின் வாயைப் பிளந்து பல்லைப் பார்த்துவிட்டு, விலை படியவில்லை என்று கிளம்பிப் போய்விட்டார். அம்மா அன்று முழுக்க யாரோடும் பேசவில்லை. அண்ணன் மட்டும், "மாமனாரு நல்லாச் சாப்பிட்டாரு" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தான்.

பத்து நாள் கழித்து, புழுதிக் காலோடும் கிழிந்த துண்டோடும் இன்னொருத்தர் வந்தார். "காளை பாக்கலாமுங்களா?" என்றார். அம்மா சட்டிக்குள்ளிருந்து தலையைக்கூட எடுக்கவில்லை. "விக்கறதா இல்லீங்க. வேணுமின்னா கட்டுத்தறியில பையன் இருக்கறான், கேட்டுக்குங்க" என்றாள்.

கட்டுத்தறியில் அண்ணன் கோவணத்தோடு ஒரு கன்றுக்குட்டிக்கு மருந்து புகட்டிக்கொண்டிருந்தான். பக்கத்தில் சாணி அள்ளிக்கொண்டிருந்தது காளியாத்தா. வயது எழுபதுக்கு மேல், பல் ஒன்றுகூடக் கிடையாது. அண்ணன் கன்றின் வாயைப் பிடித்தபடியே அவளிடம் சொல்லிக்கொண்டிருந்தான். "நீ மட்டும் ஒரு அம்பது வருசம் பிந்திப் பொறந்திருந்தீன்னா, இந்த ஜில்லாவுல எனக்கு வேற பொண்ணு தேடுவாங்களா?"

"அட எடுபட்ட மைனரு!" என்று காளியாத்தா கைச்சாணியை அவன்மேல் விட்டெறிந்தாள். அது அவன்மேல் பாதியும் வந்தவர்மேல் பாதியுமாக விழுந்தது.

அவர்தான் கருமத்தம்பட்டிக்காரர், ராமாத்தாளின் அப்பன்.

அவர் யார் என்று தெரிந்ததும் அம்மா தலையில் கை வைத்துக்கொண்டாள். ஆனால் நாலு நாளில் ஆள் வந்தது, பெண் பார்க்க வரச்சொல்லி. வீட்டுக்குப் போய் அவர் தன் மனைவியிடம், "பையன் மைனருதான். ஆனா கெழவிகிட்டயும் அப்படியேதான் பேசறான்" என்றாராம். அதைத்தான் ராமாத்தாள் கதவுக்குப் பின்னாலிருந்து கேட்டுவிட்டாள்.

கிணற்றடியில்

எனவே அவள் அன்று கேட்டது வெறும் சந்தேகம் இல்லை. எங்கள் ஊரில் ஆள் விட்டு விசாரித்திருக்கிறார்கள். இரண்டு பேர் தங்கம் என்றார்களாம், ஒருத்தர் வைரம் என்றாராம். "அப்பா சொன்னது வேறயா இருக்குதுங்க. கூடப் பொறந்தவங்க நீங்க சொல்லுங்க. வாழப்போறது நானுங்க," என்றாள்.

என்னைக் கட்டிக் கொடுத்தபோது இப்படி யாரையாவது நிறுத்திக் கேட்க எனக்குத் தைரியம் இருந்ததா?

ஒரு பக்கம் அம்மாமேல் வைத்த சத்தியம். அண்ணனின் இருபத்தெட்டு வயது. இன்னொரு பக்கம் பதினெட்டு வயசுப் பெண் ஒருத்தி, செம்பைப் பிடித்துக்கொண்டு என் வாயையே பார்க்கிறாள்.

"மைனர்தானுங்க," என்றேன்.

சொல்ல ஆரம்பித்த பிறகு நிறுத்த முடியவில்லை. பூக்காரியைச் சொன்னேன், மோர்க்காரியைச் சொன்னேன். "எந்தப் பொண்ணைப் பாத்தாலும் பேசுவாருங்க. கல்யாணத்துக்கப்பறம் விட்டுருவாருன்னு நான் சொல்ல மாட்டனுங்க. உங்களுக்கு வயிறு எரியும். கை சுத்தம், மனசு சுத்தம். வாய் மட்டும் நிக்காதுங்க," என்றேன். செல்லாயி கதையையும் சொன்னேன். வளையலைச் சொன்னபோது ராமாத்தாள் முகம் மாறியது. அதைப் பார்த்தும் நான் நிறுத்தவில்லை.

"இன்னொண்ணும் இருக்குதுங்க," என்றேன். "எங்கூட்டுக்காரரு ரொம்ப நல்லவருங்க. ஒரு கொறை சொல்ல முடியாது. ஆனா இந்த நாலு வருசத்துல நான் ஆக்கிப்போட்ட சோத்தை நல்லாருக்குன்னு ஒரு வார்த்தை சொன்னதில்லீங்க. எங்கண்ணன் எப்பவாச்சும் எங்கூட்டுக்கு வந்தா, வெறும் ரசத்தைக் குடிச்சுப்போட்டு, 'அம்மணி, உங்கைக்கு ஒரு கங்கணம் கட்டோணும்'னு சொல்லுவாரு. அன்னைக்குப் பூரா நான் எத்தனை வேலை செஞ்சாலும் அலுப்பே தெரியாதுங்க. அது சின்ன விசயம்னு நெனைச்சுராதீங்க."

சொல்லிவிட்டு அழுதுவிட்டேன். அண்ணனுக்காக அழுதேனா எனக்காக அழுதேனா என்று இன்றைக்குக் கேட்டாலும் சொல்லத் தெரியாது.

ராமாத்தாள் என் கையில் தண்ணீர் ஊற்றினாள். "உள்ள போலாமுங்க, உங்கம்மா தேடுவாங்க," என்றாள்.

எட்டு நாள்

திரும்பி வரும்போது பஸ்ஸில் அம்மா கேட்டாள். "அந்தப் பொண்ணு உன்னைத் தனியாக் கூட்டிட்டுப் போயி என்ன கேட்டா?"

"இந்தச் சேலை எங்க எடுத்ததுன்னு கேட்டாம்மா."

வீட்டுக்கு வந்தால் அண்ணன் வாசலிலேயே நிற்கிறான். ஜிப்பா இல்லை, அத்தர் இல்லை. மாடு பிடிக்கிற கயிற்றைக் கையில் வைத்துத் திருகிக்கொண்டே, "பொண்ணு எப்படி அம்மணி?" என்றான். "நல்ல பொண்ணுங்கண்ணா" என்றேன். "என்னையப் பத்தி எதாச்சும் கேட்டுச்சா?" என்றான். இல்லை என்று சொல்லிவிட்டு உள்ளே ஓடிப்போனேன்.

அடுத்த எட்டு நாளும் அம்மா காலையில் எழுந்ததும் கருமத்தம்பட்டிப் பக்கத்துத் தடத்தைப் பார்ப்பாள். பொழுது சாயும்போது ஒரு தடவை பார்ப்பாள். 'காளைக்குக் கொம்பு சரியில்லை' என்று ஒரு வார்த்தை வந்துவிட்டால் அண்ணன் வாழ்க்கையைக் கெடுத்தவள் நான்தான். அவன் பேசின பேச்செல்லாம் செய்யாத கேட்டை நான் ஒரு பேச்சில் செய்துவிட்டேன் என்று என்னையே திட்டிக்கொண்டேன். அண்ணனும் அந்த எட்டு நாளும் கடைவீதிக்குப் போகவில்லை.

ஒன்பதாம் நாள் மாமா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு விறுவிறுவென்று வந்தார். "சரின்னுட்டாங்க! பொண்ணே வாயைத் தெறந்து சம்மதம்னு சொல்லிச்சாம்!"

அம்மா அப்படியே விழுந்து கும்பிட்டாள். நான் சமையல்கட்டுக்குள் போய் உட்கார்ந்துகொண்டேன்.

இணைச்சீர்

எங்கள் பக்கத்துக் கல்யாணத்தில் இணைச்சீர் என்று ஒன்று உண்டு. தாலி கட்டுவதற்கு முன்னால் மாப்பிள்ளைக்கும் அவன் கூடப்பிறந்தவளுக்கும் சேர்த்துச் செய்கிற சீர் அது. பெண்ணுக்கு வைத்திருக்கும் கூறைச்சேலையின் ஒரு முனையை அவன் கையில் கொடுத்து, இன்னொரு முனையை இவளிடம் கொடுப்பார்கள். கட்டிக்கொண்டு வருகிறவள் வந்தாலும் கூடப்பிறந்தவள் உறவு அறாது என்று அர்த்தம்.

அண்ணனுக்கு இணைச்சீர் செய்ய நான் உட்கார்ந்தேன். அண்ணன் பட்டு வேட்டியிலும் தலையில் கட்டிய உருமாலையிலும் ராஜா மாதிரி இருந்தான். சீர் செய்து வைக்கிற அருமைக்காரர் எதையோ எடுக்கத் திரும்பினார். மேளம் காதைப் பிளந்தது. அந்தச் சத்தத்தில் அண்ணன் என் பக்கம் சாய்ந்தான்.

"அம்மணி, நெசத்தைச் சொல்லு. அன்னைக்கு அந்தப் பொண்ணு உங்கிட்ட என்னமோ கேட்டிருக்குது. நீ என்ன சொன்னே?"

இனி மறைத்து என்ன ஆகப்போகிறது?

"எல்லாத்தையும் சொல்லிப்போட்டனுங்கண்ணா."

"எல்லாத்தையும்னா?"

"மைனருன்னு சொன்னேன்."

"அந்த வளையலு?"

"அதையுந்தானுங்கண்ணா."

கோபித்துக்கொள்ளப் போகிறான் என்று நினைத்தேன். சபையிலிருந்து எழுந்துவிடுவானோ என்றுகூடப் பயந்தேன். அண்ணன் என்னையே பார்த்தான்.

"அதையும் கேட்டுப்போட்டா சரின்னுச்சு?"

"ஆமாங்கண்ணா."

அண்ணன் அழ ஆரம்பித்தான். அத்தனை உறவுக்காரர்கள் நடுவில், உருமாலைக்கட்டோடு, சின்னப் பிள்ளை மாதிரி தோள் குலுங்க அழுதான். ஊரில் உள்ள பெண்களிடமெல்லாம் இனிக்க இனிக்கப் பேசினவன், தன்னைப் பற்றி முழுசாகத் தெரிந்த ஒருத்தி தன்னை வேண்டும் என்று சொல்லுவாள் என்று ஒரு நாளும் நினைத்ததே இல்லை. அது எனக்கு அப்போதுதான் புரிந்தது. தங்கச்சிமேல எத்தனை பாசம் பாரு என்று பின்னாலிருந்து யாரோ சொன்னார்கள்.

"அழுவாதீங்கண்ணா, எல்லாரும் பாக்கறாங்க," என்றேன்.

"பாக்கட்டும் அம்மணி," என்றான்.